ஒரு மரக்கால் மணல்

கொள்ளிடம் வடக்கே கொஞ்சம் ஒதுங்கிப் போய் மறுபடியும் கிழக்கே திரும்புகிற முடுக்கில் ஊற்றுப்படுகை என்று ஒரு ஊர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, நாற்பத்தொரு வீடு, ஒரு கோயில், ஒரு களம். முன்னொரு பெருவெள்ளத்தில் மேற்கே எங்கிருந்தோ ஒரு வைக்கோல் போரின் மேல் உட்கார்ந்தபடியே மிதந்து வந்த ஏழு பேர் அந்த மேட்டில் ஒதுங்கினார்கள் என்றும், போர் கரை தட்டிய பிறகும் இறங்க அவசரப்படாமல், ஏழு பேரும் இருக்கிறோமா என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தரையில் கால் வைத்தார்கள் என்றும் அங்கே சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த ஊர்க்காரர்கள் ஆற்றில் இறங்கும்போது எத்தனை பேர் இறங்குகிறோம் என்று ஒருவர் சத்தமாகச் சொல்வதும், கரையேறும்போது இன்னொருவர் எண்ணிச் சரிபார்ப்பதும் குளிக்கப் போனாலும் வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாலும் தவறாத வழக்கமாக இருந்தது.

ஆறு கொடுத்ததைத் தின்றார்கள். கோடையில் மணலில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் போட்டார்கள், மாசியிலிருந்து ஆனி வரைக்கும் மணலைக் கையால் பறித்து ஊற்று எடுத்துத்தான் குடித்தார்கள். முழங்கை ஆழம் பறித்தால் போதும், அடியில் தண்ணீர் கண்ணைத் திறந்துகொண்டு வரும். குடம் நிறைந்ததும் பறித்தவரே அந்தக் குழியை மணல் தள்ளி மூடி, மேலே காலால் மிதித்துவிட்டுத்தான் கரையேற வேண்டும், மூடாத குழியில் கன்றுக்குட்டியோ பிள்ளையோ விழுந்தால் அந்தப் பாவம் பறித்த கைக்கு என்று இருந்தது. புது மருமகளுக்கு மாமியார் முதலில் சொல்லித் தந்தது சமையலை அல்ல, குழி மூடுவதை.

சாவுக்கும் அவர்களுக்கு அந்த மணல்தான் வேண்டும். ஒருவர் செத்த மூன்றாம் நாள் அந்தியில் அந்த வீட்டுப் பெண் ஆற்றில் இறங்கி ஒரு மரக்கால் மணல் அள்ளி வந்து, சலித்து, வாசற்படிக்கு உள்பக்கம் பாய் அகலத்துக்குப் பரப்பி, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துவாள். வீட்டார் எல்லாரும் வேறு வீட்டில் போய்ப் படுப்பார்கள். விடிந்ததும் நாட்டாமை வந்து கதவைத் திறந்து பார்ப்பார். மணலில் வீட்டைப் பார்த்து ஒரு அடி, வெளியைப் பார்த்து ஒரு அடி இருக்கும். செம்பில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்திருக்கும். வந்தார், குடித்தார், போனார் என்று நாட்டாமை மூன்று வார்த்தை சொல்வார். அந்தப் பெண் மணலை முறத்தில் கூட்டி அள்ளிக்கொண்டு போய் ஆற்றிலேயே கரைத்துவிடுவாள். ஒருவர் போன மணலை இன்னொருவருக்கு எடுக்கக் கூடாது.

உள்ளே வந்த அடி மட்டும் இருந்து வெளியே போன அடி இல்லையென்றால், செத்தவருக்கு ஒரு குறை இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஊர் முழுக்க வாசலில் கூடி நிற்க, நாட்டாமை படியில் நின்று, என்ன குறை என்று கேட்க வேண்டும். கேட்கிற உரிமை அவர் வீட்டுக்கு மட்டுந்தான். கேட்டால் செத்தவர் பதில் சொல்ல மாட்டார். குறைக்குக் காரணமானவர் எவரோ அவருடைய வாய் தானாகத் திறந்துகொள்ளும். அந்தக் குறை தீர்கிறவரைக்கும் ஊரில் ஒரு அடுப்பும் எரியக் கூடாது. தாத்தன் காலத்தில் இப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது. ஒரு தடவை ஒருவன் தம்பியின் வரப்பைத் தள்ளிப் போட்டதைச் சொல்லி அழுதான், இன்னொரு தடவை ஒருத்தி பொய் சொல்லி வாங்கிய பசுவை அன்று மத்தியானமே திருப்பி ஓட்டிவிட்டாள். மறுநாள் வெளியே போன அடி விழுந்தது, அடுப்பு எரிந்தது. அவ்வளவுதான், யாரும் அதை அதிசயமென்று பேசிக்கொண்டதில்லை.

அந்த ஊருக்கு ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் காரில் வந்தார். குவாரிக்காரர் என்றே அவரைச் சொன்னார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ஊர்த்தெய்வம் கரைகாத்தாளின் கோயில் ஓட்டுக்கூரையோடு கிடப்பதைப் பார்த்து அவர் கண் கலங்கினார். கல்மண்டபமும் மூன்று நிலைக் கோபுரமும் தன் செலவில் கட்டித் தருவதாகச் சொன்னார், கோயிலுக்கு ஒரு சிமெண்டு ரோடும் ரோட்டின் முனையில் ஒரு வளைவும் போடுவதாகச் சொன்னார். தனக்கு ஒன்றும் வேண்டாம், ஆற்றில் சும்மா கிடக்கிற மணலில் கொஞ்சம் என்றார். நாட்டாமை கலியபெருமாள் யோசித்தார். மணலை ஆறுதான் போடுகிறது, மறுபடியும் ஆறே போடும், நாம் கொடுப்பது என்ன இருக்கிறது என்று ஊரைக் கேட்டார். ஊர் தலையாட்டியது. வெற்றிலை பாக்கு மாறியது.

இயந்திரங்கள் இறங்கின. லாரிகள் வரிசை கட்டின. கோயிலுக்குச் சாரம் கட்டினார்கள். ஒன்றிரண்டு கிழவிகள் குழியை மூடாமல் போகிறார்களே என்று முணுமுணுத்தபோது, குவாரிக்காரர் சிரித்து, வெள்ளம் வந்து அதுவே மூடிக்கொள்ளும் பாட்டி என்றார். வெள்ளம் வரும்வரைக்கும் அந்தக் குழிகள் பனை ஆழத்துக்கு வாய் பிளந்து கிடந்தன. வெள்ளம் வந்த பிறகும் கிடந்தன. மேலே தண்ணீர் தெரிந்ததே தவிர வேறு வித்தியாசம் இல்லை.

வைரக்கண்ணுவுக்கும் தையல்நாயகிக்கும் ஒரே பெண், பெயர் வடிவு, எட்டு வயது. ஆடியில் புதுத்தண்ணீர் கணுக்கால் அளவு வந்த அன்று, வெள்ளம் கொண்டுபோவதற்கு முன்னால் கடைசித் தர்ப்பூசணிகளைப் பறிக்க, எல்லா வருஷமும் போல, பிள்ளைகள் ஆற்றில் இறங்கினார்கள். இறங்கியது ஒன்பது. கரையில் நின்ற தையல்நாயகி, ஏறியவர்களை எண்ணினாள், எட்டு இருந்தது. தப்பாக எண்ணிவிட்டாள் என்று பிள்ளைகள் தாங்களே வரிசையாக நின்று இரண்டாம் தடவை எண்ணிக் காட்டினார்கள், அப்போதும் எட்டுதான் இருந்தது. மறுநாள் காலை இயந்திரத்தின் பல் பதிந்த ஒரு குழியில் வடிவு கிடைத்தாள். இடுப்பில் சின்னக் காய் ஒன்றைப் பாவாடையில் முடிந்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் அந்தியில் தையல்நாயகி மணல் அள்ளப் போனபோது, தனியாக விடக் கூடாதென்று நாட்டாமையின் மனைவி அஞ்சம்மாள் கூடப் போனாள். காற்று பலமாக அடித்ததால் பரப்பிய மணல் பறந்துவிடுமோ என்று தையல்நாயகி இரண்டு மரக்கால் அள்ளினாள். காற்று நின்றுவிட்டது, ஒன்றுதான் செலவாயிற்று. மற்றதை ஒரு பானையில் கொட்டி மூடி வைத்தாள். அஞ்சம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

விடிந்தது. கலியபெருமாள் கதவைத் திறந்தார். மணலில் உள்ளே வந்த அடி மட்டும் இருந்தது, சின்னக் கால், சுண்டுவிரல் லேசாக விலகியது. வெளியே போன அடி இல்லை. நாற்பத்தொரு வீடும் வாசலில் நின்றது. அவர் கேட்க வேண்டும். கேட்டால் ஒரு வாய் திறந்துகொள்ளும், அது தன்னுடைய வாய்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படியில் நின்றால் தெரு முனையில் கோயில் சாரம் தெரியும். இரண்டு நிலை முடிந்து மூன்றாம் நிலைக்குச் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது. ஆவணியில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கீழே விழுந்து, அந்த அடியைக் கும்பிட்டார்.

“போக மனசில்லாம இங்கேயே தங்கிட்டா. இது பிள்ளை இல்ல. தெய்வம்.”

யாரோ ஒருத்தி குலவை போட்டாள், உடனே பத்துப் பேர் போட்டார்கள், எல்லாருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல இருந்தது. தையல்நாயகி மட்டும் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, இன்னும் கேக்கலியே” என்றாள்.

“தெய்வத்துக்கிட்ட போய்க் குறை கேக்கக் கூடாதும்மா. நாமதான் நம்ம குறையச் சொல்லணும்” என்றார் கலியபெருமாள்.

அன்று காலை எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

மறுநாளும் அந்த அடி வந்தது. தையல்நாயகி கூட்டி எடுத்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தது. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வீட்டைப் பார்த்தபடி ஒரே ஒரு அடி, செம்பில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைவு. ஊர் அதைப் பழகிக்கொண்டது. முதலில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பிறகு கண்ணாடி வளையல், பிறகு ஒரு தகரக் கொட்டகை, பிறகு குவாரிக்காரர் செலவில் வாசற்படியைச் சுற்றிச் சலவைக்கல். வீடு கோயிலாயிற்று. தடத்தம்மன் என்று பெயர் வைத்தார்கள். தினமும் அந்தியில் புதுமணல் பரப்புவதும், விடிந்ததும் அடி விழுந்த மணலை ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்துக் கொடுப்பதும் வைரக்கண்ணுவின் வேலையாயிற்று. அவர் அதற்கு முன்னால் லாரியில் மணல் ஏற்றிக்கொண்டிருந்தவர். இப்போது நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு தட்டோடு உட்கார்ந்தார், நமக்குக் கொடுத்து வைத்தது இதுதான் என்று மனைவியிடம் சொன்னார். தண்ணீரில் கண்டம் வராமல் இருக்க அந்த மணலைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளைகளின் அரைஞாணில் கட்டினார்கள். அந்தத் தாயத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் குழி கிடக்கிற ஆற்றில் இறங்கினார்கள். லாரிகளின் நெற்றியில் தடத்தம்மன் துணை என்று எழுதினார்கள், தினமும் முதல் லோடு அவள் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்பியது.

அடி வளர்ந்தது. இதை முதலில் கண்டவள் தையல்நாயகி. ஆடிக்கு ஆடி ஒரு நாணல் குச்சியை அடியின் நீளத்துக்கு முறித்து, கூரை எரவாணத்தில் செருகி வைத்தாள், ஒவ்வொரு வருஷமும் குச்சி கொஞ்சம் நீண்டது. வடிவோடு ஆற்றில் இறங்கிய அந்த எட்டுப் பிள்ளைகளின் காலும் அதே அளவுக்குத்தான் வளர்ந்தது. அம்மன் வளர்கிறாள் என்று ஊர் சந்தோஷப்பட்டது. வெள்ளிக் கொலுசு சின்னதாய்ப் போய்விட்டதென்று பெரியதாகச் செய்து வைத்தார்கள்.

ஒவ்வொரு ஆடியிலும் ஊர்க்கூட்டம் கல்மண்டபத்தில் கூடும்போது தையல்நாயகி ஒரு தூணோரமாய் நின்று, கடைசியில் எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில், எம் மவளுக்கு ஒரு தடவ கேட்டுடுங்க மாமா என்பாள். சிலர் சிரிப்பார்கள். அம்மனையே பெத்தவ உனக்கு இன்னும் என்ன குறைச்சல் தையலு என்று ஒருவர் கேட்பார். குவாரிக்காரர் இருந்தால் அவர் பக்கம் திரும்பி, பாவம், பெத்த மனசு என்பார்கள். கலியபெருமாள் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அந்த ஊரில் யாருமே உயர்த்த மாட்டார்கள், அதைத் தங்கள் நல்ல குணமென்று நினைத்திருந்தார்கள்.

வடிவு இருந்திருந்தால் பதிமூன்று முடிந்திருக்கும், அந்த வருஷம் தையில் ஒரு நாள் வாசற்படி மணலில் அடி விழவில்லை. வைரக்கண்ணு பதறிப்போனார். தையல்நாயகி கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். முருங்கைமரத்தடியில், வீட்டுக்குள் வராமல் தள்ளி உட்காருகிற பெண் உட்காரும் இடத்தில், அடுப்புச் சாம்பல் கொட்டியிருந்த தரையில், அந்த அடி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு பழைய பாயும் ஒரு தட்டும் ஒரு செம்பும் கொண்டுவந்து அங்கே வைத்தாள். ஆனால் அஞ்சம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள், அந்தியாவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பந்தல் போட்டார்கள், மைக்செட் வைத்தார்கள். பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டத் தாய்மாமன் வேண்டும், தையல்நாயகிக்கு உடன்பிறந்தவர் கிடையாது. யார் என்று ஊர் முழித்தபோது குவாரிக்காரர் எழுந்தார். நான் இருக்கிறேன், அவளுக்கு நான்தான் மாமன் என்று அவர் சொன்னபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐம்பத்தொரு தட்டு சீர் மேளத்தோடு சிமெண்டு ரோட்டில் வளைவுக்குக் கீழே நுழைந்து வந்தது. பட்டுப்புடவை, பழம், புட்டு, உளுந்தங்களி. முருங்கையடியில் அந்த அடியின் மேல் குவாரிக்காரர் தன் கையாலேயே மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். அடியின் ஓரம் கரைந்து ஒழுகியது. தையல்நாயகி அருகில் நின்று அதைப் பார்த்தாள்.

“ரொம்ப ஊத்தாதீங்க. அவளுக்குத் தண்ணி பயம்” என்றாள்.

மைக்செட் சத்தத்தில் அது அஞ்சம்மாளுக்கு மட்டுந்தான் கேட்டது. அஞ்சம்மாள் கேட்காதவள்போல ஆரத்தித் தட்டைச் சரிசெய்தாள்.

அதற்குப் பிறகும் இயந்திரம் தோண்டிக்கொண்டேயிருந்தது. வெள்ளம் வந்தது, போனது, ஆறு மணல் போடவில்லை. ஊற்றுக் கண்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன. முழங்கை ஆழம் பறித்த இடத்தில் ஆள் உயரம் பறித்தும் ஈரம் தட்டவில்லை. வெள்ளரி போட இடமில்லாமல் ஆண்கள் வெளியூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். போகிற இடத்தில் கலவைக்கு வந்து கொட்டிய மணலைக் கையில் அள்ளிப் பார்த்து, இது நம்ம ஊர்தான் என்று சரியாகச் சொன்னார்கள், சொன்னதற்கு மேஸ்திரி அவர்களைப் பாராட்டினார். குடிதண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள் டேங்கர் லாரியில் வந்தது. அதன் நெற்றியிலும் தடத்தம்மன் துணை என்றுதான் எழுதியிருந்தது.

வடிவுக்கு இருபத்திரண்டு வயதாகியிருக்க வேண்டிய வருஷத்தில், இயந்திரத்தின் வாயில் மணலுக்குப் பதிலாகக் கருங்களிமண் வந்தது. மேற்கே, கிழக்கே என்று ஒரு வாரம் தோண்டிப் பார்த்தார்கள், எங்கும் அதுதான். இயந்திரங்கள் கரையேறின. அவற்றை யாரும் எண்ணவில்லை. குவாரிக்காரர் மேற்கே ஒரு மலையை எடுத்திருந்தார், அங்கே கல்லை உடைத்து மணல்போல அரைத்தார். அம்மனுக்கு அவர் குறை வைக்கவில்லை, பரப்புவதற்கென்று ஒரு லோடு கல்பொடி அனுப்பிவைத்தார். வைரக்கண்ணு அதைச் சலித்துப் பரப்பினார். விடிந்தபோது பரப்பியபடியே இருந்தது. அடி விழவில்லை, அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. அம்மன் மலையேறிவிட்டாள் என்றார்கள். வெளியூர் ஜனம் வருவது நின்றது. வைரக்கண்ணு திருநீற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கல் அரைக்கிற இடத்துக்கே காவல் வேலைக்குப் போய்விட்டார்.

தையல்நாயகி சலவைக்கல்லைக் கழுவிவிட்டு அந்த வீட்டில் மறுபடி குடியேறினாள். அந்தியில் செம்பில் தண்ணீர் வைத்தாள். விடிந்தால் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. வடிவு போகவில்லை, கால் வைக்க மணல் இல்லை என்பதுதான் விஷயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் யாரும் வரவில்லை.

அந்த மார்கழியில் கலியபெருமாள் செத்துப்போனார். பெரிய சாவு, பூப்பல்லக்கு, வேட்டு. மூன்றாம் நாள் அந்தியில் அஞ்சம்மாள் மரக்காலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி, இருட்டுகிறவரைக்கும் நடந்து, அரை மரக்கால் களிமண்ணோடு திரும்பி வந்தாள். பிள்ளைகள் கல்பொடியைப் பரப்பினார்கள். விடிந்தபோது தடம் இல்லை. செம்புத் தண்ணீர் மட்டும் குறைந்திருந்தது. மறுநாளும் குறைந்தது. அவர் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார், போக வழியில்லாமல் இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. மூத்த மகன் கோவிந்தசாமி கிழக்கே கடற்கரைக்குப் போய் மணல் கொண்டுவரட்டுமா என்றான். கடல் மணலில் நம்ம ஆள் கால் எப்படிடா பதியும் என்று அஞ்சம்மாள் சொல்லிவிட்டாள். நாளைக்கு நமக்கும் இதுதானே என்ற எண்ணம் நாற்பது வீட்டுக்கும் அப்போதுதான் வந்தது. அஞ்சம்மாளுக்குப் பானை ஞாபகம் வந்தது.

அவள் இரண்டு மகன்களோடும் ஊர்ப் பெரியவர்களோடும் தையல்நாயகியின் வாசலுக்கு வந்தாள். அந்த வாசலில் ஊர் கூடி வெகுகாலம் ஆகியிருந்தது. அஞ்சம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

“தையலு, அன்னிக்கு ரெண்டு மரக்கால் அள்ளுன. நான் கூட இருந்தேன்.”

“ஆமாக்கா. ஒண்ணு இருக்கு.”

“அவுரு போவ முடியாமத் தவிக்கிறாருடி.”

“தெரியுது.”

“கேக்குறதுக்கு எனக்கு வாயில்ல. இருந்தாலும் கேக்குறேன்.”

தையல்நாயகி அவளைப் படியில் உட்காரச் சொன்னாள். பானையை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். மூடியைத் திறந்தபோது, பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஆறு, பழுப்பும் வெள்ளையுமாக, கொஞ்சம் அப்பிரகம் மின்னிக்கொண்டு, உள்ளே இருந்தது. ஊர் எட்டிப் பார்த்தது. ஒரு கிழவர் கையை நீட்டித் தொடப் போய், பிறகு கையை இழுத்துக்கொண்டார். தையல்நாயகி சொன்னது சுருக்கமாக இருந்தது. கேட்கிற உரிமை உங்கள் வீட்டுக்குத்தான் உண்டு, என் மகளிடம் அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேளுங்கள், பிறகு மீதி என்ன இருக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கேட்பதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியது. காரணமானவர் செத்துவிட்டார், இனி எந்த வாய் திறக்கப் போகிறது.

அந்தியில் அவள் அந்த மணலைச் சலித்து உள்பக்கம் பரப்பினாள். பாய் அகலத்துக்கு வந்தது, ஒரு பிடி மிஞ்சவில்லை. செம்பு வைத்தாள். கோவிந்தசாமி படியேறத் தயங்கினான், அதனால் அஞ்சம்மாளே ஏறி நின்றாள். நாற்பத்தொரு வீட்டு ஜனமும் நின்றது. வடிவோடு ஆற்றில் இறங்கிய எட்டுப் பேரில் ஊரில் மிஞ்சியிருந்த மூன்று பேரும் கைப்பிள்ளைகளோடு நின்றார்கள்.

“வடிவு. என்ன குறை?” என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார், எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், அவர் சளி என்று சொல்லித் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அஞ்சம்மாளுக்கு நாக்கு ஒரு தடவை அசைந்தது. முருங்கையடியில் கேட்டது, வேலிக்கு மேலே பார்த்தது, அதற்கெல்லாம் முன்னால் சாரத்தைப் பார்த்தபடி நின்ற புருஷனின் முதுகைப் பார்த்தது எல்லாம் அவள் வாய்வரைக்கும் வந்தன. அவள் பல்லைக் கடித்து உதட்டை அழுத்திக்கொண்டாள். கோவிந்தசாமி கடைசியில், அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றான். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. கலைந்து போனார்கள்.

விடிந்தது. வருவதற்கு நாட்டாமை இல்லாததால் தையல்நாயகியே கதவைத் திறந்தாள். மணலில் ஒரே ஒரு அடி, தெருவைப் பார்த்து. வளர்ந்த பெண்ணின் கால், குதிகால் ஆழமாகப் பதிந்து, சுண்டுவிரல் லேசாக விலகி. செம்பில் தண்ணீர் ததும்ப நின்றது. அவள் எரவாணத்திலிருந்து கடைசிக் குச்சியை உருவி அடியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, வந்தாள் என்றாள், குடித்தாள் என்றாள், அப்புறம் கொஞ்சம் பொறுத்து, போனாள் என்றாள். முறத்தை எடுத்தாள்.

அதே நேரத்தில் மற்ற நாற்பது வீட்டிலும் கதவு திறந்தது. ஒவ்வொரு வீட்டு வாசற்படிக்கும் உள்பக்கம், சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் சாணி மெழுகிய மண்ணிலும், அப்போதுதான் ஆற்றிலிருந்து ஏறி வந்தாற்போல, வீட்டைப் பார்த்து, சுண்டுவிரல் லேசாக விலகிய ஒரு ஈர அடி இருந்தது. வெளியே போன அடி ஒரு வீட்டிலும் இல்லை. துடைத்தார்கள், துணி நனைந்தது, அடி உலரவில்லை. சாம்பல் தூவினார்கள், உப்புக் கொட்டினார்கள், மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார்கள். அஞ்சம்மாள் துடைக்கவில்லை. தன் வாசலில் இருந்ததைத் தாண்டிக் குதித்துத் தெருவில் ஓடி, தையல்நாயகி முறத்தோடு ஆற்றில் இறங்குகிற இடத்தில் அவளைப் பிடித்துவிட்டாள்.

“தையலு, நில்லுடி. மீதி குடுக்கிறேன்னு சொன்னியே. அந்த மணலு…”

“மீதி இல்லக்கா. ஒரு மரக்கால்தான் இருந்துச்சு. ஒரு ஆளுக்குத்தான் வந்துச்சு.”

“அப்ப அவுரு?”

தையல்நாயகி கோபமாகப் பார்க்கவில்லை. இறங்கியது ஒன்று என்று வழக்கப்படி சத்தமாகச் சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கிப் போனாள். வடிவு கிடைத்த, களிமண் விளிம்பு கட்டிய அந்தக் குழியில் பாசித் தண்ணீர் நின்றது. முறத்தைச் சாய்த்தாள். மண்டியிட்டு, கையெட்டும் தூரத்துக்குக் களியை உள்ளே தள்ளி, எழுந்து, காலால் மிதித்தாள். குழி மூடவில்லை. ஒரு மரக்கால் மணலில் மூடுகிற குழி அல்ல அது. இருந்தாலும் மிதிக்க வேண்டிய மட்டும் மிதித்தாள். கரையேறியபோது எண்ணிச் சொல்ல அங்கே அஞ்சம்மாள்தான் நின்றாள். அவள் வாயைத் திறக்காததால் தையல்நாயகி தானே, ஏறியது ஒன்று என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. இன்றைக்கு ஊற்றுப்படுகைக்குப் போனால் வாசற்படிக்கு உள்பக்கம் கனமான மிதியடி போடாத வீட்டைப் பார்க்க முடியாது. விருந்தாளி காலால் அதை நகர்த்தினால் யாராவது பேசிக்கொண்டே திரும்ப இழுத்துப் போட்டுவிடுவார்கள். அடியில் ஈரம் ஊறி அது சீக்கிரம் மக்கிப்போகிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை புதிதாக வாங்குகிறார்கள். புது மருமகளுக்கு மாமியார் முதலில் சொல்லித் தருவது அதைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்பதைத்தான். நாட்டாமை வீட்டில் அஞ்சம்மாள் அந்தியானால் இரண்டு செம்பு தண்ணீர் வைக்கிறாள், விடிந்தால் இரண்டும் குறைந்திருக்கிறது. ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் மிதியடி கிடையாது. தையல்நாயகி தினமும் காலையில் அங்கே தண்ணீர் தெளித்துக் கூட்டுகிறாள், வெயில் ஏறியதும் தரை உலர்ந்துவிடுகிறது.